இழை அறுந்தது எங்கே?

ஜம்முவின் தோடா மாவட்டத்து மலைச்சரிவில் இருக்கிறது தட்காய். குஜ்ஜர் இன மக்கள் வாழும் கிராமம். பத்திரிகைகள் அதற்குச் சூட்டிய பெயர் ‘மௌன கிராமம்’. சுமார் நூறு குடும்பங்கள் உள்ள இந்த ஊரில், ஏறத்தாழப் பாதிக் குடும்பங்களில் காது கேளாத ஒருவராவது இருக்கிறார். பிறவியிலேயே கேட்காததால் பேச்சும் வரவில்லை. காலங்காலமாக உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர் இது. எனவே விடை எளிதாகத்தான் தோன்றும்: எப்போதோ ஒரு மூதாதையரிடம் தோன்றிய ஒரு ஜீன் கோளாறு, சொந்தத்தில் நடந்த கல்யாணங்கள் வழியாக ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

கிடைத்த விடை வேறு. பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள், மும்பை, காஷ்மீர் ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து 2017ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது ஒன்றல்ல, மூன்று ஜீன்கள். ஒரே ஊர், ஒரே இனம், வெளியே இருந்து பார்த்தால் ஒரே குறை. உள்ளே மூன்று வெவ்வேறு கோளாறுகள்.

மருத்துவர்கள் இப்போது அழுத்திச் சொல்லும் விஷயமும் இதுதான். காது கேளாமை என்பது ஒரு நோயின் பெயரல்ல. காய்ச்சலைப் போல அது ஓர் அறிகுறி. காய்ச்சல் மலேரியாவாலும் வரும், டைஃபாய்டாலும் வரும். காரணம் தெரியாமல் மருந்து கொடுப்பதில்லை. காது விஷயத்தில் மட்டும் ‘கேட்கவில்லை’ என்பதோடு விசாரணை நின்றுவிடுகிறது. அடுத்த கட்டம், பல லட்சம் ரூபாய் பெறுமானமுள்ள காக்ளியர் கருவிக்கான ஆபரேஷன்.

உலகெங்கும் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அதில் ஒன்றிரண்டு கடுமையான காது கேளாமையுடன் பிறக்கின்றன. கருவில் தாக்கும் ருபெல்லா போன்ற வைரஸ், பிறந்ததும் கடுமையாகும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை சில காரணங்கள். ஆனால் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் காரணம் ஜீன். இதுவரை அடையாளம் காணப்பட்டவை நூற்றுக்கும் மேல். இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோரின் பெற்றோருக்குக் காது நன்றாகவே கேட்கும். அப்பாவிடம் ஒரு பழுதான பிரதி, அம்மாவிடம் ஒரு பழுதான பிரதி. தனித்தனியே இருந்தவரை தொல்லை இல்லை. இரண்டும் ஒரே குழந்தையிடம் வந்து சேரும்போதுதான் காது அடைபடுகிறது. ஒவ்வொரு பிரசவத்திலும் இதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று.

ஜீன் கோளாறு காதின் எந்தப் பகுதியைக் கெடுக்கிறது என்பதுதான் கருவியின் பலனை நிர்ணயிக்கிறது. ஒலி, செவிப்பறையைத் தட்டி, மூன்று சின்ன எலும்புகளை அசைத்து, உட்காதில் நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் நுழைகிறது. பட்டாணி அளவே உள்ள அந்தக் கூட்டில் திரவம் இருக்கிறது. அதன் அலையில் அசைவதற்கென்று சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. இவை அசைவை மின்சாரமாக்கி நரம்பிடம் ஒப்படைக்கின்றன. சுமார் 30,000 இழைகள் கொண்ட அந்த நரம்பு, செய்தியை மூளைக்குக் கொண்டு போகிறது.

காக்ளியர் கருவி இந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணிக்குத்தான் மாற்று. காதுக்குப் பின்னே இருக்கும் மைக் ஒலியை வாங்குகிறது. சிறு கம்ப்யூட்டர் அதைப் பிரித்து, தோலுக்கு அடியில் பதித்த பகுதிக்கு அனுப்புகிறது. காக்ளியாவுக்குள் செருகிய மெல்லிய கம்பியில் இருக்கும் இருபது சொச்சம் மின்முனைகள் நரம்பை நேரடியாகத் தூண்டுகின்றன. அதாவது, செத்துப்போன மயிரிழைச் செல்களின் வேலையை மின்முனைகள் எடுத்துக்கொள்கின்றன. 1957ல் பாரிஸில் முளைத்த யோசனை இது. 1978ல் மெல்போர்னில் கிரீம் கிளார்க் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார். 1990ல் குழந்தைகளுக்கும் பொருத்தலாம் என்று அமெரிக்க அரசு அனுமதித்தது.

ஆனால் எந்தக் கருவிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அதற்கு அப்பால் உள்ள நரம்பு உயிரோடு இருக்க வேண்டும். பல்பு ஃப்யூஸானால் மாற்றலாம். சுவருக்குள் ஒயர் அறுந்திருந்தால் புது பல்பு எரியாது.

பெரும்பாலான ஜீன் கோளாறுகளில் பழுது பல்பில்தான் என்பது நல்ல செய்தி. உலகின் பல பகுதிகளில் மிகுதியாகக் காணப்படும் காரணம் கனெக்ஸின் 26 என்ற புரதத்தின் ஜீன். லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 1997ல், பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பங்களை ஆராய்ந்தபோது இது பிடிபட்டது. காக்ளியாவில் செல்லுக்குச் செல் பொட்டாசியம் கடந்து போவதற்கான வாசல்களைக் கட்டுவது இந்தப் புரதத்தின் வேலை. வாசல் இல்லாவிட்டால் உட்காதின் வேதிச் சமநிலை குலைகிறது. காது வேலை செய்வதில்லை. நரம்புக்குப் பெரும்பாலும் சேதமில்லை. இந்தக் குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே கருவி பொருத்தினால் பேச்சு நன்றாக வருகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் ஒரே குரலில் சொல்கின்றன.

இந்தியாவுக்கென்று ஒரு தனி முத்திரையும் இந்த ஜீனில் இருக்கிறது. கனெக்ஸின் 26 என்பது 226 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. இந்தியக் குடும்பங்களில் அதிகம் தென்படும் பிழையில், 24வது மணி கோக்க வேண்டிய இடத்தில் ‘நிறுத்து’ என்று கட்டளை விழுந்துவிடுகிறது. மாலை 23 மணிகளோடு நின்று போகிறது. இந்தப் பிழை ஒரு பொது மூதாதையரிடமிருந்து பரவியிருக்க வேண்டும் என்பதை பெங்களூர் விஞ்ஞானிகள் 2003ல் எடுத்துக்காட்டினார்கள். ஐரோப்பாவின் ரோமா நாடோடி மக்களிடமும் இதே பிழை இருக்கிறது. அவர்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து புறப்பட்டதற்கு அது இன்னொரு சாட்சி. நடைமுறைப் பாடம் ஒன்றும் இதில் உண்டு. ஐரோப்பியர்களிடம் மிகுந்திருப்பது வேறு பிழை. அதை மட்டும் தேடும் பரிசோதனையில் இந்தியக் குழந்தை ‘குறை ஒன்றுமில்லை’ என்ற சான்றிதழோடு வெளியே வந்துவிடும்.

தட்காயில் கிடைத்த மூன்று ஜீன்களும் இதே கதையின் மூன்று வடிவங்கள். கிளாடின் 14 ஜீனில் கோளாறு என்றால் மயிரிழைச் செல்கள் அழிகின்றன, நரம்பு தப்புகிறது. பெண்ட்ரின் ஜீனில் கோளாறு என்றால் உட்காதின் கால்வாய் ஒன்று அளவுக்கு மீறி அகலமாகிவிடுகிறது. இந்தக் குழந்தைகளில் சிலருக்குப் பிறக்கும்போது ஓரளவு கேட்கும். விளையாடும்போது தலையில் பட்ட ஓர் அடி மிச்சத்தையும் பறித்துவிடும். பின்னாளில் கழுத்துக் கழலை வரலாம். கருவி இவர்களுக்கும் நன்றாகவே பலன் தருகிறது. ஆனால் காக்ளியாவைத் திறக்கும்போது திரவம் பீறிட்டு வரக்கூடும் என்பதால் சர்ஜன் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். குழந்தை பந்து விளையாடலாமா, குத்துச்சண்டை கற்கலாமா என்பதைப் பெற்றோரும் யோசிக்க வேண்டும்.

மூன்றாவதான ஓட்டோஃபெர்லின்தான் விசித்திரமானது. இங்கே மயிரிழைச் செல்கள் உயிரோடு இருக்கின்றன, நரம்பும் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தியைக் கைமாற்றும் புரதம்தான் இல்லை. விளைவு விபரீதமானது. பிறந்த குழந்தையின் காதில் சிறு கருவியை வைத்து, மயிரிழைச் செல்கள் எழுப்பும் எதிரொலியைப் பதிவு செய்யும் சோதனை பல ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது. செல்கள் உயிரோடு இருப்பதால் இந்தக் குழந்தை அதில் தேறிவிடும். ‘காது நன்றாக இருக்கிறது’ என்ற சீட்டை வாங்கிக்கொண்டு பெற்றோர் வீடு திரும்புவார்கள். இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால், ‘அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான்’ என்று பாட்டி சமாதானம் சொல்வார். பொன்னான காலம் போய்விடும். மூளைத்தண்டு வரை செய்தி போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் இன்னொரு சோதனையில்தான் உண்மை வெளிப்படும். உரிய காலத்தில் கண்டுபிடித்துக் கருவி பொருத்திய ஓட்டோஃபெர்லின் குழந்தைகள் நன்றாகப் பேசுகிறார்கள். நரம்பு முழுசாக இருக்கிறதே!

இந்த ஜீனுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. ஷாங்காயில் ஓட்டோஃபெர்லின் கோளாறுள்ள ஆறு குழந்தைகளின் காதில், தீங்கற்ற வைரஸில் ஏற்றிய நல்ல ஜீனைச் செலுத்தினார்கள். ஜீன் மிகப் பெரியது என்பதால் இரண்டு துண்டுகளாக்கி அனுப்ப வேண்டியிருந்தது. 2024 ஜனவரியில் வெளியான முடிவுகளின்படி, ஆறு பேரில் ஐந்து பேருக்குக் கேட்கத் தொடங்கியது. எந்த ஜீன் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்தக் கதவு. ‘பிறவிச் செவிடு’ என்று மட்டும் எழுதிய மருத்துவச் சீட்டோடு போனால் உள்ளே விடமாட்டார்கள்.

ஒயரே அறுந்திருக்கும் குழந்தைகளும் உண்டு. காக்ளியாவோ நரம்போ உருவாகாமலே பிறக்கிறவர்கள் இவர்கள். ‘சார்ஜ்’ எனப்படும் பிறவிக் கோளாறில் இது அடிக்கடி நேர்கிறது. அதன் பின்னணியில் உள்ள ஜீன் 2004ல் கண்டறியப்பட்டது. நரம்பே இல்லாத காதில் காக்ளியர் கருவி பொருத்துவது வீண். எம்.ஆர்.ஐ. படம் இதைக் காட்டிவிடும். படத்தில் நரம்பு தெரிந்தும், அதன் செல்கள் நலிந்திருக்கும் நிலைமைதான் சிக்கலானது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2012ல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: கோளாறான ஜீன் காக்ளியாவின் சவ்வுப் பகுதியில் வேலை செய்வதென்றால் கருவி நன்றாகப் பலன் தரும், நரம்புச் செல்களில் வேலை செய்வதென்றால் பலன் குறையும். டிஎம்பிஆர்எஸ்எஸ்3 என்ற ஜீனை அவர்கள் இரண்டாவது வகையில் சேர்த்தார்கள். ஆனால் ஆய்வில் இருந்த நோயாளிகள் மிகக் குறைவு. இதே ஜீன் கோளாறு உள்ளவர்கள் கருவியால் நன்றாகக் கேட்பதாக வேறு நாட்டு ஆய்வுகள் தெரிவித்தன. விவாதம் முடிந்துவிடவில்லை.

எனவே ஜீன் பரிசோதனையை ஜாதகம் போல் படிக்கக் கூடாது. ஒரே கோளாறு உள்ள இரண்டு குழந்தைகளில் ஒன்று பள்ளியில் பாடம் ஒப்பிக்கிறது. மற்றொன்று சில வார்த்தைகளோடு நின்றுவிடுகிறது. வித்தியாசம் பெரும்பாலும் வயதில் இருக்கிறது. அமெரிக்காவில் அனு சர்மா 2002ல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. மூன்றரை வயதுக்குள் கருவி பொருத்திய குழந்தைகளின் மூளை, சில மாதங்களிலேயே ஒலிக்கு மற்றக் குழந்தைகளைப் போல் பதில் தரத் தொடங்கியது. ஏழு வயதுக்கு மேல் பொருத்தியவர்களில் பெரும்பாலோருக்கு அது நடக்கவில்லை. ஒலி வராத மூளைப்பகுதியை வேறு புலன்கள் ஆக்கிரமித்துக்கொள்கின்றன. காலி வீடு காலியாகவே இருப்பதில்லை.

அப்படியானால் ஜீன் பரிசோதனை எதற்கு? கருவியின் பலனை ஊகிக்க மட்டுமல்ல. சில சமயம் உயிரைக் காப்பாற்றவும். நார்வேயில் 1957ல் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரு டாக்டர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஆறு குழந்தைகளில் நால்வருக்குக் காது கேட்காது. அடிக்கடி மயங்கி விழுவார்கள். அவர்களில் மூவர் சிறுவயதிலேயே திடீரென்று இறந்தனர். காதிலும் இருதயத்திலும் பொட்டாசியத்தைக் கடத்தும் ஒரே வழி அடைபட்டிருப்பதுதான் காரணம் என்பது பிறகு தெரியவந்தது. இந்த மயக்கத்தைக் காக்காய் வலிப்பு என்று நினைத்து மருந்து கொடுப்பதும் நடக்கிறது. இப்படிப்பட்ட குழந்தைக்குக் காக்ளியர் கருவி நன்றாக வேலை செய்யும். ஆனால் தக்க முன்னெச்சரிக்கை இல்லாமல் கொடுக்கும் மயக்க மருந்து இருதயத்தை நிறுத்திவிடலாம். கண்டுபிடிக்க ஆடம்பரமான பரிசோதனைகூட வேண்டாம், ஓர் இ.சி.ஜி. போதும்.

அஷர் என்ற கோளாறில், காதோடு பிறகு கண்ணும் போகிறது. முதல் வகை அஷர் குழந்தை தாமதமாக நடக்கும். பத்து வயதையொட்டி மாலைக்கண் வரும். பின் பார்வை சுருங்கும். சைகை மொழியை மட்டும் நம்பியிருந்தால் இருட்டில் அதுவும் கைவிட்டுவிடும். இவர்களுக்குக் கருவி விஷயத்தில் தாமதம் கூடவே கூடாது.

தாயிடமிருந்து மட்டுமே இறங்கும் ஒரு கோளாறும் உண்டு. 1993ல் கண்டறியப்பட்ட இதை உடையவர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற ஊசிகள் சில நாட்களிலேயே காதைப் பறித்துவிடலாம். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி பல ஆண்டுகள் தாராளமாகப் போடப்பட்ட நாடு இந்தியா. ஒருவரிடம் இந்தக் கோளாறு தெரிந்தால், அவரது அம்மா, தாய்வழிச் சகோதர சகோதரிகள், சித்தி பெரியம்மா பிள்ளைகள் எல்லோரையும் எச்சரிக்கலாம். ஒருவருக்குச் செய்த பரிசோதனை பத்துக் காதுகளைக் காப்பாற்றும்.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயம் தூரத்துச் செய்தி அல்ல. தாய்மாமனையோ அத்தை மகனையோ மணப்பது இங்கே பழைய வழக்கம். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மாநிலத்தில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் ரத்த உறவுக்குள் நடந்தவை. மறுபக்கம், குழந்தைகளுக்கு இலவசமாகக் காக்ளியர் கருவி பொருத்துவதில் நாட்டிலேயே முன்னணியில் நிற்பதும் தமிழகம்தான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பலன் பெற்றிருக்கிறார்கள். மத்திய அரசும் 2014ல் தன் உதவிக் கருவித் திட்டத்தைத் திருத்தி, ஒரு குழந்தைக்கு 6 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கியது. கருவிக்குப் பணம் கிடைக்கிறது. காரணத்தைத் தேடுவதற்குத்தான் ஆளும் இல்லை, பணமும் இல்லை.

காரணம் தெரிந்தால் வீட்டுக்குள்ளும் சில மாற்றங்கள் வரும். குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்றால் பழி பெரும்பாலும் மருமகள் தலையில்தான். கிரகணத்தன்று வெளியே போனாள், கர்ப்பத்தில் கண்டதைத் தின்றாள் என்பார்கள். பாதிப் பிழை மகனிடமிருந்து வந்தது என்று எழுதிய பரிசோதனைச் சீட்டு, எந்தப் புத்திமதியையும்விட வலுவானது. காது கேளாத இருவர் தமக்குள் மணம் செய்துகொள்வதும் இங்கே சகஜம். தென்னிந்தியாவின் இத்தகைய குடும்பங்களில் கனெக்ஸின் கோளாறின் பங்கை ஆராய்ந்து 2018ல் ஓர் ஆய்வு வெளியானது. தம்பதி இருவருக்கும் ஒரே ஜீனில் கோளாறு என்றால் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் காது கேட்காது. வெவ்வேறு ஜீன்கள் என்றால் பொதுவாக எல்லாக் குழந்தைகளுக்கும் கேட்கும். ‘உங்களுக்குப் பிறப்பதும் இப்படித்தான் இருக்கும்’ என்று அவர்களிடம் அலட்சியமாகச் சொல்லிவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கேளாமையைக் குறை என்று சொல்வதையே ஏற்காதவர்களும் உண்டு. சைகை மொழி இலக்கணம் உள்ள முழுமையான மொழி. அதைப் பேசும் சமூகத்துக்கு ரிப்பேர் தேவையில்லை என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. கருவி பொருத்திய குழந்தைக்குச் சைகை தெரிந்திருப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை. கருவி பலன் தராது என்று தெரிந்த குழந்தைக்கோ அதுதான் தாய்மொழி. அந்தக் குழந்தையை வீண் ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து வயதில் அல்ல, முதல் வயதிலேயே அந்த மொழியிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஜீன் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. படமும் உதவும்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ‘இந்த ஜீன் என்றால் பலன் குறைவு, எனவே அரசு செலவில் கருவி இல்லை’ என்று ஏதோ ஓர் அலுவலகத்தில் கோப்பு எழுதப்படும் நாள் வரக்கூடாது. அரைகுறையாகக் கேட்பதுகூட, பின்னால் வரும் லாரியின் ஹாரனைக் கேட்பதுதான். எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதைப் பெற்றோருக்கு நேர்மையாகச் சொல்லத்தான் பரிசோதனை. கதவை அடைக்க அல்ல.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன் பெற்றோர் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. நரம்பு இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்தாயிற்றா? இ.சி.ஜி. எடுத்தாயிற்றா? கண் டாக்டர் பார்த்தாரா? ஜீன் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பலாமா? ஆபரேஷனுக்குப் பின் பேச்சுப் பயிற்சி எங்கே, எத்தனை வருடம்? கருவியின் ஒயரும் பேட்டரியும் பழுதானால் யார் தருவார்கள்?

இவற்றில் ஜீன் பரிசோதனையின் முடிவு மட்டும் வரக் கொஞ்சம் தாமதமாகலாம். அதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். சீட்டு காத்திருக்கும், குழந்தையின் மூளை காத்திருக்காது.